கோடையில் மட்டும் தண்ணீர் பில் ஏன் எகிறுகிறது?

கேள்வி மூன்றாக வந்திருக்கிறது. கோடை மாதத்தில் பயன்பாடு ஒன்றரை மடங்குதான் கூடியது, பில் மட்டும் இரண்டு மடங்கைத் தாண்டியது எப்படி? நீர்த்தேக்கத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் இருக்கும்போதே குடிநீர் நிறுவனம் சிக்கனம், சிக்கனம் என்று ஏன் கேட்கிறது? வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போயிருந்த மாதத்துக்கும் எதற்குக் கட்டணம்?

மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். குடிநீர் அமைப்பைக் கட்டுவதற்கு ஆகும் செலவு, ஆண்டிலேயே அதிகமாகத் தண்ணீர் இழுக்கப்படும் சில நாட்களை வைத்து முடிவாகிறது. உங்களிடம் வசூலிப்பதோ, மாதம் முழுக்க ஓடிய மொத்த லிட்டரை வைத்து. இந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. பில்லில் தெரியும் விநோதங்களில் பெரும்பாலானவை அந்த இடைவெளியில் பிறந்தவை. நீர் வழங்கல் திட்டமிடலில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தச் சில நாட்களைப் பார்ப்போம். குடிநீர்ப் பொறியாளர்கள் தேவையை மூன்று எண்களாகப் பிரித்துப் பார்ப்பார்கள். ஆண்டு முழுக்க வழங்கியதை 365-ஆல் வகுத்தால் வருவது சராசரி நாள் தேவை. ஆண்டிலேயே மிக அதிகமாக ஓடிய ஒரு நாளின் அளவு உச்ச நாள் தேவை. அந்த மாதிரி நாளில் மிக நெரிசலான ஒரு மணி நேரத்தின் வேகம் உச்ச மணித் தேவை. பொதுவாக உச்ச நாள் என்பது சராசரியைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரும். உச்ச மணி இரண்டு, மூன்று மடங்கு வரை போகும், சிறிய ஊர்களில் அதற்கும் மேல். ஊர் சிறுத்தால் மடங்கு ஏன் பெருக்க வேண்டும்? பெரிய நகரத்தில் ஒருவர் குளிக்கிற நேரத்தில் இன்னொருவர் வேலை முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருப்பார், ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். சில நூறு வீடுகளே உள்ள ஊரில் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் குழாயைத் திறப்பார்கள்.

அமைப்பின் ஒவ்வொரு உறுப்பும் இந்த மூன்றில் வெவ்வேறு எண்ணுக்காகக் கட்டப்படுகிறது. நீர்த்தேக்கமோ நீர் எடுக்கும் கிணறுகளோ மாதக்கணக்கு, ஆண்டுக்கணக்குத் தேவைக்கு. சுத்திகரிப்பு நிலையமும் அங்கிருந்து நீரைத் தள்ளும் பம்புகளும் உச்ச நாளுக்கு. காலையில் ஏறி நடுப்பகலில் இறங்கி மாலையில் மறுபடி ஏறும் மணிக்கணக்கு ஆட்டத்தைச் சமாளிப்பது மேல்நிலைத் தொட்டி. தெருவுக்கு அடியில் ஓடும் குழாய்களோ உச்ச மணிக்கும் ஈடுகொடுக்க வேண்டும், உச்ச நாளில் எங்காவது தீப்பிடித்தால் தீயணைப்புக்குத் தேவையான நிமிடத்துக்குச் சில ஆயிரம் லிட்டரையும் கொடுக்க வேண்டும். சிறிய ஊர்களில் குழாயின் விட்டத்தைத் தீர்மானிப்பதே இந்தத் தீயணைப்புக் கணக்குதான், வீடுகளின் தேவை அல்ல.

இரண்டாவது கேள்விக்கான பதில் இங்கேயே வந்துவிட்டது. நீர்த்தேக்கம் நிறைந்திருப்பது ஒரு விஷயம், அந்த நீரை ஒரே நாளில் எவ்வளவு சுத்திகரித்து எவ்வளவு ஏற்ற முடியும் என்பது வேறு விஷயம். ஒரு நிலையத்தின் திறன் நாளைக்கு 5 கோடி லிட்டர் என்றால், அணையில் ஐந்தாண்டுத் தண்ணீர் கிடந்தாலும் 5 கோடிக்கு மேல் வராது. தொடர்ந்து நான்கைந்து நாள் வெயில் கொளுத்தி, தேவை தினமும் 5.4 கோடியைத் தொட்டால், தொட்டிகள் இரவில் முழுதாக நிரம்பாமல் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். நான்காம் நாள் மாலையில் மேட்டுப் பகுதிகளில் குழாய் வெறும் காற்றைத்தான் விடும். சிக்கனமாக இருங்கள் என்ற அறிவிப்பு பெரும்பாலும் இந்த நான்காம் நாளைத் தள்ளிப்போடத்தான் வருகிறது. வறட்சி அறிவிப்பு இதிலிருந்து வேறுபட்டது. அது மூலத்தில் நீர் இல்லாததால் வருவது, மாதக்கணக்கில் நீடிப்பது. நிறுவனங்கள் இரண்டையும் ஒரே வார்த்தைகளில் அறிவித்துவிடுவதால்தான் அணையின் படத்தைப் பார்த்துவிட்டு மக்கள் சந்தேகப்படுகிறார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானதே.

நாளைய தேவையை எப்படிக் கணிக்கிறார்கள்? நாளைய அதிகபட்ச வெப்பம், கடைசியாக மழை பெய்து எத்தனை நாளாயிற்று, என்ன கிழமை, விடுமுறை உண்டா, போன வாரம் எவ்வளவு ஓடியது. இந்த நான்கைந்தும் இருந்தால் வியக்கத்தக்க துல்லியத்தோடு சொல்லிவிடலாம். இதில் மழைக்கணக்கு முக்கியம். 38 டிகிரி வெயிலிலும் முந்தைய நாள் நல்ல மழை பெய்திருந்தால் தோட்டத்துக்கு யாரும் தண்ணீர் விடமாட்டார்கள். 34 டிகிரிதான் என்றாலும் பத்து நாள் மழையில்லாவிட்டால் தேவை அதைத் தாண்டிவிடும். பருவ ஏற்றத்தில் பெரும்பங்கு வீட்டுக்கு வெளியே ஓடும் நீர்தான். குடிப்பது, சமைப்பது, துவைப்பது, கழிப்பறை ஆகியவை ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும், குளியல் கொஞ்சம் கூடும்.

மணிக்கணக்கு நடத்தைக்கு ஒரு வேடிக்கையான சாட்சியம் உண்டு. 2010 பிப்ரவரி 28 அன்று குளிர்கால ஒலிம்பிக் ஹாக்கி இறுதிப் போட்டியில் கனடாவும் அமெரிக்காவும் மோதின. கனடாவின் எட்மண்டன் நகரத்து அன்றைய நீர் நுகர்வு வரைபடத்தை, அங்கே குடிநீர் வழங்கும் எப்கோர் நிறுவனம் வெளியிட்டது. ஆட்டம் நடக்கும்போது நுகர்வு படுத்துக்கிடக்கிறது. ஒவ்வொரு இடைவேளையிலும் ஊசிபோல் செங்குத்தாக எழுகிறது. நகரமே ஒரே நேரத்தில் கழிப்பறைக்குப் போய்வந்திருக்கிறது.

அந்த ஊசிகளைத் தாங்கிக்கொள்ளத்தான் தொட்டி. தினசரி இயக்கம் என்பது பெரும்பாலும் தொட்டியோடு நடத்தும் பேரம். இரவில் தேவை விழும்போது பம்பை ஓட்டி நிரப்பி வைப்பது, காலையில் இறங்கவிடுவது, மதியம் கொஞ்சம் ஏற்றிக்கொள்வது, மாலைக்குத் தயாராவது. மின்கட்டணம் இரவில் மலிவாக உள்ள இடங்களில் இதில் பணமும் மிச்சமாகும். நீரேற்றும் மின்சாரம் பல நிறுவனங்களின் இயக்கச் செலவில் சம்பளத்துக்கு அடுத்தபடியாக வரும் பெரிய செலவு. ஆனால் கோடை உச்சத்தில் இந்த விளையாட்டுக்கெல்லாம் இடமில்லை. பம்புகள் இரவும் பகலும் ஓடும், மின்சாரம் விலையேறிய மாலை நேரத்திலும் ஓடும். ஒரு கிலோலிட்டரை, அதாவது ஆயிரம் லிட்டரை, உங்கள் வீட்டுக்குக் கொண்டுவரக் கோடையில் ஆகும் செலவு உண்மையாகவே அதிகம் என்பதற்கு இது ஒரு காரணம். இருக்கும் நல்ல மூலம் போதாமல், தூரத்து மூலத்தையோ ஆழமான கிணறுகளையோ துணைக்கு அழைக்க வேண்டியிருப்பது இன்னொன்று. வெதுவெதுப்பான நீர்நிலையில் பாசி பெருகி மண்வாடை வந்தால், அதைப் போக்கச் செயலூட்டிய கரித்தூள் சேர்ப்பது மூன்றாவது.

குளிர்ந்த பருவத்தில் நிறுவனத்துக்கு ஓய்வு என்று நினைக்க வேண்டாம், அப்போது பிரச்சினை தலைகீழாகிறது. உச்சத்துக்காகக் கட்டிய பெரிய தொட்டியிலும் அகலமான குழாயிலும் நீர் நாட்கணக்கில் அசையாமல் கிடக்கும். நீருக்கு வயதானால் அதிலுள்ள குளோரின் குறைந்துபோகும், வெப்பம் கூடினால் இன்னும் வேகமாக. அதனால் தேவை குறைந்த மாதங்களில் தொட்டியை வேண்டுமென்றே பாதி மட்டத்தில் வைத்து நீரைப் புரட்டுவார்கள், மேலே எங்கும் போகாமல் முடியும் முட்டுக்குழாய்களின் கடைசியில் வால்வைத் திறந்து வெளியேற்றுவார்கள். தெருவில் சும்மா தண்ணீர் ஓடவிட்டார்கள் என்று புகார் வருவது இந்த வேலையைப் பார்த்துத்தான். இதைச் செய்யாமல் விட்டால் கோடையின் முதல் சூட்டில், குழாயில் ஓட்டம் திடீரென வேகமெடுத்து, அடியில் படிந்திருந்த இரும்பும் மாங்கனீசும் கலங்கிப் பழுப்புத் தண்ணீராக வீட்டுக்குள் வரும். பம்பைப் பழுதுபார்ப்பது, வடிகட்டிப் படுகையில் மணல் மாற்றுவது, தொட்டி கழுவுவது எல்லாமே அந்த மாதங்களில் முடிந்தாக வேண்டும், ஏனென்றால் உச்சப் பருவத்தில் ஒரு பம்பைக்கூட நிறுத்தி வைக்க முடியாது. கடுங்குளிர் வரும் நாடுகளில் குழாய் உறைந்து வெடிக்கும் தனிப் பஞ்சாயத்தும் இருக்கிறது. உறையாமல் இருக்க எல்லாரும் குழாயை லேசாகத் திறந்து வைக்க, குளிர்காலத்திலும் ஓர் உச்சம் உருவாகிவிடும்.

கட்டுப்பாடுகளுக்கு வருவோம். நல்லெண்ணத்தோடு போட்ட விதி எப்படிக் கடிக்கும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலிஸில் நடந்தது நல்ல பாடம். வறட்சி காரணமாக 2009 ஜூனில் அந்த நகரம் தெளிப்பான் கொண்டு புல்தரைக்குத் தண்ணீர் விடுவதைத் திங்கள், வியாழன் என்று இரண்டே நாளுக்குச் சுருக்கியது. மொத்த நுகர்வு நன்றாகவே குறைந்தது. ஆனால் அந்தக் கோடையில் தெருவுக்கு அடியிலுள்ள குழாய்கள் அடுத்தடுத்து வெடிக்கத் தொடங்கின. காரணம் தேட அமர்த்தப்பட்ட வல்லுநர் குழு, துருப்பிடித்த பழைய வார்ப்பிரும்புக் குழாய்களை இந்த இரண்டு நாள் விதியும் சேர்ந்து சோதித்துவிட்டது என்று 2010-ல் சொன்னது. ஊர் முழுக்க ஒரே நாளில் தெளிப்பானைத் திறந்தால் அழுத்தம் விழும், மறுநாள் எல்லாரும் மூடினால் ஏறும். வாரத்துக்கு வாரம் இப்படி ஏறி இறங்க, அரித்துப்போன உலோகம் களைத்து உடைந்துவிட்டது. பிறகு வீட்டு எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து நாட்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். மொத்தத்தைக் குறைக்கும் விதி உச்சத்தைக் கூட்டிவிடலாம். அமைப்பைத் துன்பப்படுத்துவது உச்சம்தான். தானியங்கித் தெளிப்பான்கள் பரவிய ஊர்களில் காலை சரியாக 5 அல்லது 6 மணிக்கு நுகர்வு வரைபடத்தில் ஒரு கொம்பு முளைப்பதும் இதே கதை. மக்கள் கடிகாரத்தை முழு மணிக்குத்தான் வைக்கிறார்கள், 5:37-க்கு யாரும் வைப்பதில்லை.

கசிவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் வாடிக்கையாளரிடம் சிக்கனம் கேட்கும் உரிமை அங்கேதான் சோதிக்கப்படுகிறது. உற்பத்தியான நீரில் பில்லாக மாறாமல் போவதை வருவாய் ஈட்டா நீர் என்பார்கள். இதில் குழாய்க் கசிவு உண்டு, திருட்டு இணைப்பு உண்டு, மெதுவாக ஓடும் கிழட்டு மீட்டர்களும் உண்டு. இதை அளக்க எளிய வழி, ஊர் உறங்கும் பின்னிரவு 2 முதல் 4 மணிவரை ஒரு பகுதிக்குள் நுழையும் நீரைப் பார்ப்பது. யாரும் பயன்படுத்தாத நேரத்தில் ஓடுகிறதென்றால் அது பெரும்பாலும் மண்ணுக்குள்தான் போகிறது. இரவில் அழுத்தத்தைக் குறைத்தாலே கசிவு குறையும். அழுத்தத்தில் 10 சதவீதம் குறைத்தால் கசிவும் கிட்டத்தட்ட 10 சதவீதம் குறையும் என்பது கைக்கணக்கு. கம்போடியத் தலைநகர் நோம்பென்னில் 1990-களின் தொடக்கத்தில் 70 சதவீதத்துக்கு மேல் இப்படிக் காணாமல் போய்க்கொண்டிருந்தது. நகரக் குடிநீர் நிறுவனத்தை நடத்திய எக் சோன் சானின் தலைமையில் குழாய்களை மாற்றி, ஒவ்வொரு இணைப்புக்கும் மீட்டர் வைத்து, செல்வாக்குள்ளவர்களிடமும் பாக்கியை வசூலித்து, இருபது ஆண்டுகளுக்குள் அதை 6 சதவீதம் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். அவருக்கு 2006-ல் மகசேசே விருது கிடைத்தது. உங்கள் ஊர் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் ஒரே ஒரு எண்ணைத்தான் பார்க்க நேரம் இருக்கிறதென்றால், இந்த வருவாய் ஈட்டா நீரின் சதவீதத்தைப் பாருங்கள்.

இனி பில். காலை நெரிசலுக்காக வாங்கிய பேருந்துகள் மதியம் காலியாக நின்றாலும் அவற்றின் கடன் தவணை நிற்காது அல்லவா? குடிநீர் நிறுவனமும் அப்படித்தான். கடன் தவணை, ஊழியர் சம்பளம், பராமரிப்பு, ஆய்வகம் எல்லாமே நீங்கள் ஒரு சொட்டு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஆகும் செலவு. பல நிறுவனங்களில் மொத்தச் செலவில் முக்கால் பங்குக்கு மேல் இப்படி நிலையானது. மின்சாரமும் ரசாயனமும்தான் நீரின் அளவோடு ஏறி இறங்கும். வருவாய் பக்கம் பார்த்தால் படம் தலைகீழ். பெரும்பங்கு லிட்டர் கணக்கில் வருகிறது, எவ்வளவு ஓடினாலும் மாறாத நிலைக்கட்டணமாக வருவது கொஞ்சம்தான்.

இதனால் நடப்பது என்ன? மழை நன்றாகப் பெய்த ஆண்டில் அணை நிரம்பும், நிறுவனத்தின் கல்லா காலியாகும். வாடிக்கையாளர்கள் சொன்னபடி சிக்கனம் பிடித்தால் வருவாய் விழும், அடுத்த ஆண்டு கட்டணம் ஏறும். குறைவாகச் செலவழித்தவனுக்குத் தண்டனையா என்று கோபம் வருவது இயல்பு. கேப் டவுன் நகரம் இதை மிகக் கூர்மையாக அனுபவித்தது. 2015 வாக்கில் நாளைக்குச் சுமார் 120 கோடி லிட்டராக இருந்த நுகர்வு, 2018 வறட்சியில் ஆளுக்கு நாளைக்கு 50 லிட்டர் என்ற வரம்பு வந்தபின் 50 கோடி அளவுக்கு விழுந்தது. நகரம் தப்பித்தது, நீர்த்துறையின் வருவாய் தப்பவில்லை. 2018 ஜூலையில் இணைப்புக் குழாயின் அளவை வைத்து ஒரு நிலைக்கட்டணத்தைக் கொண்டுவந்தார்கள். மக்கள் திட்டினார்கள், ஆனால் கணக்குப்படி பார்த்தால் வேறு வழி குறைவு.

உங்கள் மூன்றாவது கேள்வி இந்த நிலைக்கட்டணத்தைப் பற்றியது. வீடு பூட்டியிருந்தாலும் உங்கள் தெருவில் குழாய் அழுத்தத்தோடு நிற்கிறது, தீப்பிடித்தால் அதிலிருந்துதான் அணைப்பார்கள், திரும்பி வந்து குழாயைத் திறந்தால் அந்த நொடியே தண்ணீர் வர வேண்டும். அந்தத் தயார்நிலைக்கான பணம் அது. பெரிய விட்டமுள்ள இணைப்புக்கு அதிகம் வாங்குவதும் இதனால்தான். தேவைக்கு மேல் பெரிய இணைப்பு வைத்திருந்தால் சிறியதாக மாற்றக் கேட்டுப் பாருங்கள், சில இடங்களில் மாதாமாதம் மிச்சமாகும். என் கருத்தைக் கேட்டால், நிலைக்கட்டணம் இருப்பது நேர்மை, ஆனால் அது பில்லில் பாதியைத் தாண்டினால் சிக்கனத்துக்கு அர்த்தமில்லாமல் போய்விடும், குறைவாகப் பயன்படுத்தும் ஏழை வீடுகளைத்தான் அது அதிகம் அடிக்கும்.

இப்போது முதல் கேள்வி. ஒன்றரை மடங்கு பயன்பாடு எப்படி இரண்டு மடங்கு பில்லாகிறது? அடுக்குக் கட்டணம். நாணயம் எதுவோ இருக்கட்டும், இப்படி வைத்துக்கொள்வோம்: மாதம் முதல் 10 கிலோலிட்டருக்கு ஒவ்வொன்றுக்கும் 10, அடுத்த 10-க்கு 20, அதற்கு மேல் 40. சாதாரண மாதத்தில் 16 கிலோலிட்டர் ஓடினால் 100-ம் 120-ம் சேர்ந்து 220. கோடையில் 24 ஆனால் 100, 200, 160, ஆக 460. பயன்பாடு சரியாக ஒன்றரை மடங்கு, கட்டணம் இரண்டு மடங்குக்கு மேல். கடைசி 4 கிலோலிட்டர் மட்டுமே 160. தவறு எதுவும் இல்லை. வெளியே ஓடும் கோடை நீர்தான் மேல் அடுக்கில் போய் உட்கார வேண்டும் என்று திட்டமிட்டே இப்படி அமைக்கிறார்கள். விலை 10 சதவீதம் ஏறினால் வீட்டு நுகர்வு மூன்று, நான்கு சதவீதம்தான் குறையும் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அந்தக் குறைவும் பெரும்பாலும் தோட்டத்திலிருந்து வருகிறது, சமையலறையிலிருந்து அல்ல.

அடுக்கு முறையின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். மீட்டருக்கு ஆட்களை எண்ணத் தெரியாது. எட்டுப் பேர் இருக்கும் குடும்பம் அத்தியாவசியத் தேவைக்கே மேல் அடுக்கைத் தொடும், ஒற்றை ஆள் நீச்சல் குளத்தோடு கீழ் அடுக்கில் இருக்கலாம். ஒரே இணைப்பில் நான்கு குடித்தனம் என்றால் கேட்கவே வேண்டாம். இதைச் சரிசெய்ய கலிஃபோர்னியாவின் இர்வைன் ராஞ்ச் நீர் மாவட்டம் 1991-லிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஆட்களின் எண்ணிக்கை, தோட்டப் பரப்பு, அன்றைய வானிலை எல்லாம் சேர்த்துத் தனித்தனி நீர் ஒதுக்கீடு போடுகிறது. அந்த வரம்பைத் தாண்டினால்தான் விலை ஏறும். நியாயமானது, ஆனால் நிர்வாகத்துக்கு நிறையத் தகவலும் பொறுமையும் வேண்டும். அதே கலிஃபோர்னியாவில் 2015-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், சான் ஹுவான் கப்பிஸ்ட்ரானோ நகரத்தின் அடுக்குக் கட்டணம் செல்லாது என்றது. மேல் அடுக்கின் விலை, அந்த நீரை வழங்க உண்மையில் ஆகும் செலவை ஒட்டியது என்று நகரம் காட்டவில்லை என்பதுதான் குறை. உச்ச நீருக்குச் செலவு அதிகம் என்று சொன்னால் மட்டும் போதாது, கணக்கையும் காட்ட வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடே.

அடுக்குக்குப் பதிலாக, கோடை மாதங்களுக்குத் தனி விலை வைக்கும் நிறுவனங்களும் உண்டு. புரிந்துகொள்ள எளிது. உங்கள் குளிர்கால சராசரிக்கு மேல் எடுக்கும் நீருக்கு மட்டும் கூடுதல் விலை என்பது இன்னொரு வகை. இதே குளிர்கால சராசரி கழிவுநீர்க் கட்டணத்தில் உங்களுக்கு உதவியாகவும் வரும். கழிவுநீருக்கு மீட்டர் கிடையாது, உள்ளே வந்த நீரை வைத்துத்தான் வெளியே போனதைக் கணிக்கிறார்கள். ஆனால் செடிக்கு விட்ட நீர் சாக்கடைக்குப் போகாது. அதனால் சில இடங்களில் குளிர்கால மாதங்களின் சராசரியை வைத்துக் கழிவுநீர்க் கட்டணத்தை ஆண்டு முழுக்க ஒரே அளவாக வைத்துவிடுகிறார்கள். உங்கள் ஊரில் இந்த முறை இருந்தால், அந்தச் சராசரி எடுக்கும் மாதங்களில் ஒரு கசிவு இருந்துவிட்டால் அடுத்த 12 மாதமும் அதற்குத் தண்டம் கட்டுவீர்கள். அந்த மாதங்களில்தான் மீட்டரைக் கவனமாகப் பார்க்க வேண்டும், கோடையில் அல்ல.

எந்த முறையானாலும் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது: காலதாமதம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுத்து, பிறகு பில் அச்சடித்து அனுப்பும் இடத்தில், உச்ச வெயிலில் ஓடிய நீரின் விலை உங்கள் கைக்கு வரும்போது மழையே தொடங்கியிருக்கும். விலையால் உச்சத்தைக் குறைப்பது என்ற பேச்சே அங்கே செல்லாது. தானியங்கி ரீடிங் மீட்டர்கள் மணிக்கு மணி தகவல் அனுப்புவதால் இது மாறுகிறது. ஆனால் மீட்டரை மாற்றிவிட்டுப் பில்லை மட்டும் பழையபடி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள், என்ன சொல்ல.

உங்கள் பில்லை நீங்களே சோதிக்க வேண்டிய இடம் இதுதான். முதலில் நாட்களை எண்ணுங்கள். போன பில் 30 நாளுக்கு, இந்தப் பில் 34 நாளுக்கு என்றால் அடுக்கின் எல்லையும் அதே விகிதத்தில் நீள வேண்டும். நாளைக்கு 0.8 கிலோலிட்டர் வீதம் 34 நாளுக்கு 27.2 ஆகிறது. மேலே சொன்ன விலையில் அடுக்கை நீட்டாமல் போட்டால் 588, நீட்டிப் போட்டால் 521. வித்தியாசம் உங்கள் தவறால் வந்ததல்ல, கேட்டு வாங்கலாம்.

அடுத்து, ரீடிங் உண்மையாக எடுத்ததா, உத்தேசமா என்று பாருங்கள். பில்லில் ஒரு எழுத்தோ குறியோ அதைக் காட்டும். வீடு பூட்டியிருந்தது, மீட்டர் குழியில் தண்ணீர் நின்றது என்று இரண்டு மாதம் உத்தேசமாக 12 கிலோலிட்டர் வீதம் போட்டுவிட்டு, மூன்றாம் மாதம் வந்து படித்தால் விட்டதெல்லாம் ஒன்றாகச் சேரும். மாதாமாதம் உண்மையில் 18 ஓடியிருந்தால் மூன்றாம் பில் 30 கிலோலிட்டருக்கு வரும், 700. முதல் இரண்டு மாதமும் 140 வீதம் கட்டியிருப்பீர்கள், ஆக மொத்தம் 980. ஒழுங்காக ஒவ்வொரு மாதமும் படித்திருந்தால் 260 வீதம் 780-தான். அதிகப்படி 200 முழுக்க அடுக்கின் விளையாட்டு. மூன்று மாதத்துக்கும் சமமாகப் பிரித்துப் போடுங்கள் என்று எழுத்தில் கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள், விதியிலேயே அப்படி இருக்கும் இடங்கள் உண்டு.

மீட்டர் வேகமாக ஓடுகிறது என்ற புகார் அடிக்கடி வரும், உண்மையாக இருப்பது அபூர்வம். சுழலும் பாகமுள்ள மீட்டர் வயதானால் தேய்ந்து மெதுவாகத்தான் ஓடும், நிறுவனத்துக்குத்தான் நட்டம். பழைய மீட்டரை மாற்றியதும் பில் ஏறுவதற்குப் பெரும்பாலும் காரணம், இவ்வளவு நாளும் குறைவாகக் காட்டிக்கொண்டிருந்ததுதான். ஒரு விதிவிலக்கு இருக்கிறது. விட்டு விட்டுத் தண்ணீர் விடும் இடங்களில், வெறும் குழாயில் இருக்கும் காற்று முதலில் தள்ளப்பட்டு மீட்டரைச் சுற்றிவிடும். அங்கே புகாரில் உண்மை இருக்கலாம்.

புகார் எழுதும் முன் கசிவைச் சோதித்துவிடுங்கள். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, மீட்டர் முகத்தில் உள்ள சின்ன முக்கோணமோ நட்சத்திரமோ சுற்றுகிறதா என்று பாருங்கள். இரவு படுக்கும்போதும் காலையில் யாரும் எழும்முன்னும் எண்ணைக் குறித்து வைப்பது இன்னும் நிச்சயம். நொடிக்கு ஒரு சொட்டு சொட்டும் குழாயில் நாளைக்கு 20 லிட்டருக்கு மேல் போகும், பில்லில் பெரிதாகத் தெரியாது. கழிப்பறைத் தொட்டியின் அடி வால்வு சரியாக மூடாமல் சத்தமில்லாமல் நிமிடத்துக்கு அரை லிட்டர் வடிந்தால் நாளைக்கு 720 லிட்டர், 30 நாளில் 21.6 கிலோலிட்டர். கோடையைக் காரணம் காட்டிப் பலர் கட்டும் கூடுதல் பில் உண்மையில் இதுதான். தொட்டியில் கொஞ்சம் வண்ணம் கலந்து, அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் விட்டால், கிண்ணத்தில் நிறம் இறங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் பழுது பார்த்த ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கசிந்த நீருக்குக் கீழ் அடுக்கின் விலையோ அடக்கவிலையோ மட்டும் வாங்கிக்கொள்ளும் சலுகையை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை என்ற நிபந்தனையோடு, பல நிறுவனங்கள் தருகின்றன. அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கமாட்டார்கள், கேட்டால்தான் கிடைக்கும். கசிவே இல்லை, கோடைச் செலவுதான் பாரம் என்றால், ஆண்டு மொத்தத்தைப் 12-ஆகப் பிரித்து மாதாமாதம் ஒரே தொகை கட்டும் திட்டம் உண்டா என்று விசாரியுங்கள். ஆண்டு முடிவில் கூடக்குறைய இருப்பதை நேர்செய்வார்கள். ஆனால் அதில் சேர்ந்துவிட்டால் தொகை மாறாததால் கசிவும் கண்ணில் படாது, ஆகவே கட்டும் பணத்தை விட்டுவிட்டுப் பில்லில் கிலோலிட்டர் வரியை மாதம் தவறாமல் பார்க்க வேண்டும்.